வராண்டா லைட்டும் வைஃபை கேம்பஸும்

சென்னை-பெங்களூரு ஹைவேஸ்ல, ராணிப்பேட்டையிலேர்ந்து வாணியம்பாடி வரைக்கும் பஸ்ல ஜன்னல் சீட் பிடிச்சு ஒரு தடவை வந்து பாருங்க. ஷூ கம்பெனி போர்டு, பிரியாணிக் கடை போர்டு, ரெண்டுக்கும் நடுவுல காலேஜ் போர்டு. காலேஜ் போர்டுல கோட்டு போட்ட ஒரு பையன், பட்டமளிப்புத் தொப்பி மாட்டின ஒரு பொண்ணு (ரெண்டு பேரும் சத்தியமா நம்ம ஊர் கிடையாது), கீழே நாலு வரி. நூறு சதவீத வேலைவாய்ப்பு, ஏசி வகுப்பறை, பஸ் வசதி, அப்புறம் தவறாம "ஹைஸ்பீடு வைஃபை கேம்பஸ்". இந்தப் பதிவு அந்த நாலாவது வரியைப் பத்தி. கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

முதல்ல சுயபுராணம். அடியேன் பொட்டி தட்டுறவன். பி.ஈ. கம்ப்யூட்டர் சயின்ஸ். மாசத்துல பாதி நாள் சென்னையில ஆணி புடுங்குறேன், மீதி நாள் ஆம்பூர்ல வீட்டு மாடியில உக்காந்து அதே ஆணியைப் புடுங்குறேன். (ஆம்பூர் 2019 நவம்பர்லேர்ந்து திருப்பத்தூர் மாவட்டம். ஆனா வெளியூர்க்காரங்க கேட்டா வாய் இன்னமும் "வேலூர் பக்கம்"னுதான் சொல்லுது.) ஊர்ல "கம்ப்யூட்டர் படிச்ச புள்ள"ன்னு பேர் எடுத்துட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். பிரின்டர்ல பேப்பர் மாட்டிக்கிட்டாலும் நாமதான், எதிர்வீட்டு ஆயாவோட போன்ல வாட்ஸப் காணாமப் போனாலும் நாமதான்.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

என் சித்தி பொண்ணு இந்தப் பக்கத்துல ஒரு காலேஜ்ல படிக்கிறா. பேர் வேணாம். சித்தப்பா ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன், சித்தி ஸ்டிச்சிங். அந்த வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் இவதான். போன வருஷம் ஒரு கம்பெனி ஆன்லைன்ல எழுத்துத் தேர்வு வெச்சான். காலேஜ் லேபுல உக்காந்து எழுதணும், தொண்ணூறு நிமிஷம், கேமரா பார்த்துக்கிட்டே இருக்கும், நடுவுல கனெக்‌ஷன் போனா போனதுதான். ஐம்பத்தெட்டு பேர் உக்காந்தாங்க. முப்பத்தஞ்சாவது நிமிஷம் ஐம்பத்தெட்டு ஸ்க்ரீன்லயும் ஒரே நேரத்துல அந்தச் சுத்துற வட்டம். பத்து நிமிஷம் கழிச்சு நெட் வந்துச்சு, டெஸ்ட் வரலை. மறுபடி நடத்த முடியாதுன்னு ஒரு வரி மெயில். அவ்வளவுதான்.

அன்னிக்கு ராத்திரி அவ அழுதுக்கிட்டே போன் பண்ணா. "அண்ணா, நான் எழுதினது எல்லாம் கரெக்டுண்ணா." நான் என்னத்தச் சொல்ல.

அடுத்த வாரம் அந்த காலேஜ்ல தெரிஞ்ச ஒருத்தர் மூலமா, "சும்மா வந்து பாரு தம்பி"ன்னு கூப்பிட்டாங்க. போனேன். லேபுலேர்ந்து ஒரு நீல கேபிளைப் பிடிச்சு அது போற வழியெல்லாம் நானும் போனேன். ஜன்னல் கம்பி வழியா வெளியே வந்து, சன்ஷேடு மேல ஓடி, ஒரு வேப்பமரத்துல நைலான் கயித்தால கட்டி, அங்கேர்ந்து மெயின் பிளாக் வராண்டாவுக்குத் தாவுது. மொத்த தூரம் நூத்தி முப்பது மீட்டருக்குக் குறையாது. செம்புக் கேபிளுக்கு நூறு மீட்டர்தான் எல்லை. சுவத்துக்குள்ள நிரந்தரமா ஓடுறது தொண்ணூறு, ரெண்டு முனையிலயும் சேர்த்து பேட்ச் கார்டு பத்து. அதைத் தாண்டினா ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. இது வயரிங் பண்ணவருக்கும் தெரிஞ்சிருக்கு போல. அதனால நடுவுல, வராண்டா மூலையில ஒரு சின்ன எட்டு போர்ட் சுவிட்சை வெச்சுட்டாரு. மழை படாம இருக்க அது மேல ஒரு பெயிண்ட் பக்கெட்டைக் கவுத்து வெச்சிருக்கு. உள்ளே எறும்புப் புத்து. அந்த சுவிட்சுக்குக் கரண்ட் எங்கேர்ந்து? பக்கத்துல இருந்த டியூப்லைட் லைன்லேர்ந்து.

வராண்டா டியூப்லைட் லைன்லேர்ந்து.

பட்டப்பகல்ல லைட் எரியுதேன்னு ஆபீஸ் அசிஸ்டென்ட் ஒருத்தர், வயசானவர், சுவிட்சை அணைச்சிருக்காரு. கரண்டை மிச்சம் பண்ணச் சொல்லி சர்க்குலர் விட்டதே நிர்வாகம்தான். லைட்டோட சேர்ந்து ஐம்பத்தெட்டு பேரோட டெஸ்ட்டும் அணைஞ்சுது. இதுல உச்சம் என்னன்னா, விசாரணை நடந்து மெமோ குடுத்தது யாருக்கு? அந்தப் பெரியவருக்கு!

எனக்கு அங்கதான் பத்திக்கிச்சு. அந்தக் கட்டிடத்துக்கு எலக்ட்ரிக்கல் டிராயிங் இருக்கு, பிளம்பிங் டிராயிங் இருக்கு. நெட்வொர்க் டிராயிங் கேட்டேன். "டிராயிங்கா? வயர்மேனுக்குத் தெரியும் தம்பி"ன்னாங்க. அந்த வயர்மேன் குவைத் போயி மூணு வருஷம் ஆச்சாம். ஆயிரக்கணக்கான பசங்க படிக்கிற வளாகத்தோட வரைபடம் குவைத்துல ஒருத்தர் மண்டைக்குள்ள இருக்கு. மெமோ யாருக்குக் குடுத்திருக்கணும்னு நீங்களே சொல்லுங்க.

இந்த ஒரு காலேஜ் மட்டும்னா நான் பதிவு போட்டிருக்க மாட்டேன். ஆனா நம்ம பக்கம் சொந்தக்காரப் பசங்க படிக்கிற நாலஞ்சு இடத்துக்கு இந்த மாதிரி "சும்மா பார்க்க"ப் போயிருக்கேன். மரம் மாறும், பக்கெட் மாறும், கதை மாறாது. கட்டிடம் முடிஞ்சு, பெயிண்ட் அடிச்சு, திறப்பு விழாக் கல்வெட்டு பதிச்சு, மாலை எல்லாம் காஞ்சதுக்கப்புறம்தான் "ஆமா, நெட்டுக்கு என்ன பண்றது?"ன்னு யோசிக்கிறாங்க. அப்புறம் டிரில் மெஷின், பிவிசி பட்டி, நைலான் கயிறு.

"வைஃபை போட்டுட்டா வயரே வேணாமே"ன்னு ஒரு கரெஸ்பான்டென்ட் என்கிட்டே நேர்லயே சொன்னாரு. படிச்ச மனுஷன். ஐயா, வைஃபைங்கிறது கடைசி இருபது முப்பது மீட்டர் மட்டும்தான் காத்துல போற சமாச்சாரம். மேலே விட்டத்துல மாட்டியிருக்கிற அந்த வெள்ளைத் தட்டு ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு கேபிள் இருக்கு. டேட்டாவும் அதுலதான், கரண்ட்டும் அதுலதான். அமெரிக்காவுல டார்ட்மவுத் காலேஜ்ல 2001-ல வளாகம் முழுக்க வைஃபை போட்டாங்க. 161 கட்டிடத்துல 476 ஆக்சஸ் பாயின்ட். அந்தக் காலத்துல அது பெரிய அதிசயம், ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் வந்துச்சு. எப்படி முடிஞ்சுது? எண்பதுகள்லயே ஹாஸ்டல் ரூம் வரைக்கும் வயர் இழுத்து வெச்சிருந்தாங்க, அதனால முடிஞ்சுது. வயர் இருக்கிற ஊர்லதான் வயர்லெஸ் வேலை செய்யும். நம்மாளுங்க மாடிக்கு ஒண்ணுன்னு ரெண்டு ரவுட்டரை வாங்கி மாட்டிட்டு போர்டுல "வைஃபை கேம்பஸ்"னு எழுதிடறாங்க. அறுபது பேர் ஒரே கிளாஸ்ல போனைத் திறந்தா அது மூச்சு விட முடியாமப் படுத்துடும்.

இந்தக் கதையெல்லாம் சித்தப்பாகிட்டே சொல்லிப் புலம்பிக்கிட்டு இருந்தேன். அவரு படிச்சது எட்டாவது. அமைதியா கேட்டுட்டு, "ஏன்டா, தோலை விரிச்சுப் பாக்காமயா கத்தி வெப்பாங்க?"ன்னாரு.

கட்டிங் டேபிளைப் பார்த்திருக்கீங்களா? இந்தப் பக்கத்து ஆளுங்க பார்த்திருப்பீங்க. தோலை முழுசா விரிச்சு, வெளிச்சத்துல புரட்டி, முள்ளு கிழிச்ச தழும்பு எங்கே, உண்ணி கடிச்ச புள்ளி எங்கே, முதுகுப் பக்கம் கெட்டி எவ்வளவு, வயித்துப் பக்கம் தொளதொளன்னு இழுக்குது எவ்வளவுன்னு பார்த்து மனசுக்குள்ள கோடு போட்டுப்பாங்க. ஷூவோட முன்பக்கம் முதுகுலேர்ந்து வரணும். உள்ளே மறையுற துண்டு வயித்துலேர்ந்து வந்தாப் போதும். இதையெல்லாம் முடிவு பண்ணிட்டுத்தான் டை மேல பிரஸ் இறங்கும். ஒரு தடவை வெட்டிட்டா ஒட்ட முடியாது. ஒரு சதுர அடி வீணாப் போனா சூப்பர்வைசர் கணக்கு கேப்பான். ஒரு தோலுக்கு இருக்கிற மரியாதை ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குக் கிடையாதா?

வளாகத்தை விரிச்சுப் பார்க்கிறதுன்னா என்ன? மொத்த மனையோட வரைபடத்தை மேசையில போட்டு, இன்னிக்கு இருக்கிற பிளாக், இன்னும் பத்து வருஷத்துல வரப்போற பிளாக், ஹாஸ்டல், லைப்ரரி, மரம், போர்வெல், சாக்கடை எல்லாத்தையும் குறிக்கணும். நடுவுல ஒரு இடம் முடிவு பண்ணணும், எல்லா பிளாக்குக்கும் அங்கேர்ந்து தனித்தனியா போற மாதிரி. ஒரு பிளாக்குலேர்ந்து அடுத்த பிளாக், அதுலேர்ந்து அதுக்கு அடுத்ததுன்னு ரயில் பெட்டி மாதிரி கோத்தா, முதல் பெட்டி கவுந்தா எல்லாம் கவுந்துடும். அந்த வேப்பமரத்து காலேஜ்ல அஞ்சு சுவிட்ச் இப்படி வரிசையா கோத்திருந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு கட்டிடத்துலயும் மாடிக்கு மாடி ஒண்ணுக்கு மேல ஒண்ணா நேரா வர்ற மாதிரி ஒரு சின்ன அறை. நம்ம ஆர்க்கிடெக்ட்டுங்க அந்த இடத்தைத் துடைப்பம் வைக்கிற ரூமாத்தான் வரைவாங்க. துடைப்பமும் இருக்கட்டும், பூட்டு ஒண்ணு போடுங்க, தனி மின் இணைப்பு ஒண்ணு குடுங்க. வராண்டா லைட்டோட சேராத இணைப்பு.

இதுல எல்லாத்தையும் விட முக்கியம் குழாய். ஆமாங்க, வெறும் பிளாஸ்டிக் குழாய். கேபிள் விலை பெரிசில்லை. மண்ணைத் தோண்டறதும் மூடறதும், போட்ட கான்க்ரீட் ரோட்டை உடைச்சுத் திரும்பப் போடறதும்தான் காசைத் தின்னும். அஸ்திவாரம் தோண்டுற அன்னிக்கே, தண்ணிக் குழாய்க்குப் பள்ளம் எடுக்கிற அன்னிக்கே, பக்கத்துல ரெண்டு ஹெச்டிபிஇ குழாயைச் சேர்த்துப் போட்டு, திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு சேம்பர் கட்டி, உள்ளே ஒரு கயித்தை விட்டு மூடிட்டா முடிஞ்சுது. ஒண்ணு இன்னிக்கு, ஒண்ணு இருபது வருஷம் கழிச்சு வர்றவனுக்கு. கேபிள் பழசானா இழுத்துப் போட்டுட்டு புதுசு விடலாம். குழாய் இல்லேன்னா ஜேசிபிதான். ஜேசிபி வந்தா என்ன ஆகும்? போன தடவை டிராயிங் இல்லாமப் புதைச்ச கேபிளை இந்தத் தடவை அது அறுக்கும்.

முதல்ல கட்டு, அப்புறம் குழாயைப் பத்தி யோசிங்கிற இந்த வியாதி நம்ம பக்கத்துக்குப் புதுசா என்ன? டேனரிங்க வரிசையா வந்துச்சு, கழிவுத்தண்ணி எங்கே போகும்னு யாரும் கோடு போடலை, பாலாறு போச்சு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டு, 1996 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதுக்கப்புறமும் கதை முடியலை. 2025 ஜனவரியிலயும் அதே பாலாறு, அதே டேனரின்னு இன்னொரு தீர்ப்பு. சட்டக் கல்லூரியில இந்தியா முழுக்க நம்ம ஊர் பேரைச் சொல்லிப் பாடம் நடத்துறாங்க. கழிவுக் குழாயும் கேபிள் குழாயும் ஒண்ணான்னு அடிக்க வராதீங்க. ஒண்ணால மண்ணு செத்துச்சு, இன்னொண்ணால ஒரு பொண்ணோட டெஸ்ட் போச்சு, அளவு வேற வேறதான். ஆனா ரெண்டுலயும் பூமிக்கு அடியில போறதுக்கு மேசையில யாரும் கோடு போடலை.

பைபர் போட்டவங்களையும் விட மாட்டேன். 2000-களின் தொடக்கத்துல வசதியான வளாகங்கள் நிறைய 62.5 மைக்ரான் மல்டிமோடு பைபர் போட்டுச்சு. அன்னிக்கு அது தப்பில்லை. ஒரு ஜிகாபிட் வேகத்துல முன்னூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவா ஓடும். ஆனா பத்து ஜிகாபிட் வந்தப்போ அதே பைபர்ல சாதாரண மாடுல் வெச்சா 33 மீட்டர்தான். ஒரு கட்டிடத்தோட நீளம் கூட இல்லை. சிங்கிள்மோடு போட்டிருந்தா ரெண்டு முனையிலயும் மாடுலை மட்டும் மாத்திட்டு கிலோமீட்டர் கணக்குல போய்க்கிட்டே இருக்கலாம். குழாய் போட்டிருந்தவங்க பழசை உருவிட்டுப் புதுசு விட்டாங்க. மண்ணுல நேரடியாப் புதைச்சவங்க திருதிருன்னு முழிச்சாங்க. இன்னிக்கும் "ஆறு கோர் மல்டிமோடு"ன்னு பழைய கொட்டேஷனையே காப்பி அடிச்சு டெண்டர் விடற ஆளுங்க இருக்காங்க. சாமி, சிங்கிள்மோடு போடுங்க, இருபத்துநாலு கோர் போடுங்க, நாலு பத்த வெச்சுட்டு இருபதைச் சும்மா விடுங்க. கண்ணாடி இழை சோறா கேக்குது?

பிளாக்குக்கும் பிளாக்குக்கும் நடுவுல செம்பு கூடவே கூடாது. மே மாசம் சாயங்காலம் ஏலகிரி, ஜவ்வாது பக்கம் மேகம் கறுத்து இடி இறங்குமே, அது நேரா கேபிள்ல விழணும்னு அவசியமே இல்லை. பக்கத்துல எங்கேயோ விழுந்தாலே போதும், ரெண்டு கட்டிடத்தோட எர்த்துக்கும் நடுவுல வோல்டேஜ் வித்தியாசம் வந்து, அந்தச் செம்பு வழியா ஓடி, ரெண்டு பக்கத்து சுவிட்சையும் சுட்டுட்டுப் போயிடும். பைபர் கண்ணாடி. அதுக்கு இடி, எர்த்து எதுவும் தெரியாது. இது பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்லை, ஆனா ஒவ்வொரு கோடை மழைக்கும் நாலு சுவிட்ச் வாங்கி மாத்திக்கிட்டு "இயற்கைச் சீற்றம்"னு ஃபைல்ல எழுதறாங்க.

இதுவரைக்கும் சொன்னது எந்த ஊர் வளாகத்துக்கும் பொருந்தும். நம்ம தோல் பெல்ட்டுக்குன்னே ஒண்ணு இருக்கு. டேனரிக்குப் பக்கத்துல குடியிருந்தவங்களுக்குத் தெரியும், வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுத்துடும். எங்க ஆயா குத்துவிளக்குக்குப் பக்கத்துல வெச்சிருந்த வெள்ளிக் கிண்ணம் எப்பவும் கறுப்பாத்தான் இருக்கும். தோல்லேர்ந்து முடியை எடுக்க சுண்ணாம்போட சோடியம் சல்பைடு போடறாங்க. அதுலேர்ந்து வர்ற ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த அழுகின முட்டை நாத்தம். வெள்ளியை என்ன பண்ணுதோ அதையேதான் செம்பையும் பண்ணும். 2006-ல ஐரோப்பாக்காரன் எலக்ட்ரானிக்ஸ்ல ஈயம் கூடாதுன்னு சட்டம் கொண்டுவந்த பிறகு, நிறைய போர்டுகள்ல ஈயப் பூச்சுக்குப் பதிலா வெள்ளிப் பூச்சு வந்துச்சு. கந்தகக் காத்து இருக்கிற இடங்கள்ல அந்த போர்டுங்க ஒண்ணு ரெண்டு வருஷத்துல பொட்டு பொட்டுன்னு போறதை உலகம் முழுக்கப் பார்த்துட்டாங்க. இதுக்கு ஒரு எளிய சோதனையே இருக்கு. சுத்தமான செம்புத் துண்டு ஒண்ணை அந்த அறையில ஒரு மாசம் வெச்சு, மேலே படிஞ்ச கறையோட தடிமனை அளக்கணும். 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே இருந்தா இயந்திரத்துக்கு நல்ல காத்துன்னு ஐஎஸ்ஏ தரக்கட்டுப்பாடு சொல்லுது. டேனரி காத்து வீசற திசையில இருக்கிற வளாகங்கள்ல யாராச்சும் இந்தச் செம்புத் துண்டை வெச்சுப் பார்த்திருக்காங்களான்னு நான் போன இடத்துல எல்லாம் கேட்டேன். மேலயும் கீழயும் பார்த்தாங்க.

அப்புறம் வெயில். மே மாசம் வேலூர் வெயிலைப் பத்தி நான் எழுதி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்லை. பல சுவிட்சுங்களுக்கு 40, 45 டிகிரிதான் தாங்கும் எல்லை. அதை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, காத்து போகாத டப்பாவுக்குள்ள பூட்டி வெச்சா அது வேலை செய்யறதே ஒரு தெய்வச் செயல்.

இதுக்கெல்லாம் மேல டூப்ளிகேட் கேபிள் கூத்து. 305 மீட்டர் பெட்டி, மேலே "கேட் 6"னு அச்சு, உள்ளே அலுமினியக் கம்பி மேல செம்புப் பூச்சு. சிசிஏன்னு சொல்லுவாங்க. மின்தடை அதிகம், வளைச்சா ஒடியும், ஆக்சஸ் பாயின்டுக்கு அதுலேயே கரண்ட் அனுப்பினா சூடாகும். தரக்கட்டுப்பாட்டுல இதுக்கு இடமே கிடையாது. ஆனா கொட்டேஷன்ல எது குறைவோ அதுதானே ஜெயிக்கும்? குறைஞ்ச விலை கேட்டவனுக்குக் குடுக்கிறதுல தப்பில்லை. "முழுச் செம்பு, ஒவ்வொரு பாயின்டையும் மெஷின் வெச்சு டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுக்கணும், முடிஞ்சப்புறம் உள்ளபடி வரைபடம் குடுக்கணும், குடுத்தாத்தான் கடைசி பில்"னு டெண்டர்லயே எழுதாதது யார் தப்பு? எழுதத் தெரியலைன்னா தெரிஞ்சவனைக் கேக்கலாமே. அதே காலேஜ்ல பதினஞ்சு பேர் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பாடம் நடத்துறாங்க!

இங்கதான் நம்ம ஆளுங்களையும் ரெண்டு சாத்து சாத்தணும். நம்மன்னா நாமதான், இதைப் படிச்சிக்கிட்டு இருக்கிற பொட்டி தட்டுற ஜாதி. ஏழு அடுக்குன்னு படிச்சோமே, அதுல முதல் அடுக்கு என்ன? பிசிக்கல் லேயர். பரீட்சையில ரெண்டு மார்க் கேள்வி. எழுதிட்டு மேலே ஏறினவன் அப்புறம் கீழே குனிஞ்சு பார்த்ததே இல்லை. நான் நாலு வருஷம் படிச்சதுல ஒரு கேபிளைக் கூட கிரிம்ப் பண்ணதில்லை. முதன்முதலா கத்துக் குடுத்தது பைபாஸ் ரோட்டுல சிசிடிவி கடை வெச்சிருக்கிற ஒரு பாய். அவர் பத்தாவது ஃபெயில். எட்டு நிறத்தையும் கண்ணை மூடிக்கிட்டு வரிசைப்படுத்துவார். கேபிள்னாலே எலக்ட்ரீசியன் வேலை, நமக்கு எதுக்குன்னு நினைக்கிறோம் பாருங்க, அந்த நினைப்புதான் அந்த பக்கெட்டைக் கவுத்து வெச்சுது. கைவேலை பண்றவனைத் திட்டம் போடற மேசைக்குக் கூப்பிட மாட்டோம். மேசையில உக்காந்தவனுக்குக் கை அழுக்காகக் கூடாது. தோல் தொழில் நடக்கிற ஊர்ல இருந்துக்கிட்டு இதை நான் விளக்கிச் சொல்லணுமா என்ன?

"5ஜி வந்தாச்சு, பசங்க அவங்கவங்க டேட்டாவுல பார்த்துப்பாங்க"ன்னு ஒரு வாதம் வரும். வந்துச்சு, நேர்லயே. அப்போ ஃபீஸ்ல இன்டர்நெட் கட்டணம்னு எதுக்கு வாங்கறீங்க? ஷூ கம்பெனியில பீஸ் கணக்குல தைக்கிற அம்மாவோட பொண்ணு தன் காசுல டேட்டா போட்டு என்பிடெல் வீடியோ பார்க்கணும்னா, அந்த காலேஜ் எதுக்கு? அதுவும் கனமான சுவருக்குள்ள அந்த சிக்னல் வர்றதில்லை. என் தங்கச்சி ஹாஸ்டல்ல ராத்திரி பத்து மணிக்கு மொட்டைமாடிப் படிக்கட்டுல உக்காந்துதான் அசைன்மென்ட் அனுப்பறா. கேட்டா, அங்க ஏற்கனவே பத்து பேர் வரிசையா உக்காந்திருப்பாங்களாம்.

அடுத்த வாதம், அரசாங்கம் குடுக்கணும்கிறது. குடுத்துச்சே! 2010 மார்ச்ல மத்திய அமைச்சரவை தேசிய அறிவு வலையமைப்புக்கு 5,990 கோடி ஒதுக்குச்சு. பல்கலைக்கழகங்களுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் ஜிகாபிட் இணைப்பு. அதுக்கு முன்னாடி 1986-லயே எர்நெட் தொடங்கி, ஐஐடி மெட்ராஸ் உட்பட எட்டு இடத்தை இணைச்சாங்க. பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-லதான். ஆனா இந்த மாதிரி இணைப்பெல்லாம் வந்து நிக்கிறது வளாகத்துல ஒரு அறையில, ஒரு ரேக்குல. அங்கேர்ந்து மூணாவது மாடி பெஞ்சு வரைக்கும் போறது வளாகத்தோட பொறுப்பு. பாலாத்துல வெள்ளமே வந்தாலும் வீட்டுக்குள்ள குழாய் இல்லேன்னா குடத்தைத் தூக்கிக்கிட்டுத்தான் போகணும்.

நம்ம பக்கத்துல இதைச் சரியாப் பண்றதுக்கு வாய்ப்பு வராம இல்லை. திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002-ல வந்தப்போ வேலூர் கோட்டைக்குள்ள இருந்துச்சு. கோட்டைச் சுவத்துல நீங்க நினைச்ச இடத்துல ஓட்டை போட முடியாது. அப்புறம் சேர்க்காட்டுல காலி மனைக்குப் போச்சு. காலி மனைங்கிறது விரிச்சு வெச்ச முழுத்தோல். சிஎம்சியை எடுத்துக்கங்க. ஆஸ்பத்திரி டவுனுக்கு நடுவுல, காலேஜ் பாகாயத்துல, 2022-லேர்ந்து ராணிப்பேட்டை பக்கத்துலயும் ஒரு வளாகம். நடுவுல இருக்கிறது பொது ரோடு. உங்க மனைக்குள்ள நீங்க குழாய் போடலாம், பொது ரோட்டுல நினைச்ச மாதிரி தோண்ட முடியாது. வழியுரிமை, அனுமதி, வாடகை லைன்னு அது தனி ராமாயணம். இப்படி நாலு இடத்துல சிதறின நிறுவனங்களுக்கு அந்தத் தலைவலி நியாயமானது. நாலு சுவத்துக்குள்ள, சொந்த மண்ணுல, காலியா இருந்த மனையில தலைவலியை விலைக்கு வாங்கறவங்களைத்தான் நான் திட்டறேன்.

இவ்வளவு பேசறியே, நீ என்ன பண்ணே? பண்ணேன். ரெண்டு சனி ஞாயிறு உக்காந்து அந்த வளாகத்துக்கு ஒரு வரைபடம் போட்டுக் குடுத்தேன். தங்கச்சியும் அவ கிளாஸ் பசங்க நாலு பேரும் டேப் பிடிச்சு அளந்தாங்க. சிசிடிவி கடை பாய் காசு வாங்காம வந்து எந்த கேபிள் எங்கே போகுதுன்னு டோனர் வெச்சுக் கண்டுபிடிச்சுக் குடுத்தாரு. பதினோரு கேபிள் எங்கேயும் போகலை, சுவத்துக்குள்ள போயி அங்கேயே செத்திருந்துச்சு. முதல் வேலையா அந்த வராண்டா சுவிட்சுக்குத் தனி லைன் குடுக்கச் சொன்னேன். குடுத்துட்டாங்க. பக்கெட் இன்னும் இருக்கு. வரைபடத்தைக் கரெஸ்பான்டென்ட் வாங்கிப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கு தம்பி, அடுத்த பட்ஜெட்ல பார்க்கலாம்"னு மேசை டிராயர்ல வெச்சாரு. அந்தப் பெரியவரோட மெமோவை வாபஸ் வாங்கச் சொல்லியும் கேட்டேன். அதுக்கு பதில் வரலை.

போன வாரம் பஸ்ல அந்த வழியா வர்றப்போ பார்த்தேன். மெயின் பிளாக்குக்குப் பின்னாடி புது பிளாக்குக்கு அஸ்திவாரம் தோண்டிக்கிட்டு இருக்காங்க. ஜேசிபி நிக்குது, ஜல்லி கொட்டியிருக்கு, கம்பி கட்டிக்கிட்டு இருக்காங்க. கண்ணை விரிச்சுத் தேடினேன், ஒரு குழாய் கூட கண்ணுல படலை. திங்கட்கிழமை லீவு போட்டுட்டுப் போகப் போறேன். டேமேஜர்கிட்டே உடம்பு சரியில்லைன்னு சொல்லியாச்சு. சித்தப்பாவும் ஷிப்ட்டு மாத்திக்கிட்டு கூட வர்றேன்னிருக்காரு.

பி.கு: சிசிஏ கேபிளைக் கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம். உள்ளே இருக்கிற கம்பியை பிளேடால லேசா சுரண்டுங்க. வெள்ளையாத் தெரிஞ்சா அலுமினியம், கடைக்காரன்கிட்டே திருப்பிக் குடுங்க. ஆம்பூர்லேர்ந்து எழுதறியே, பிரியாணி பத்தி ஒரு வரி கூட இல்லையான்னு கேக்கப் போறவங்களுக்கு: அது தனிப் பதிவு, சண்டைக்குத் தயாரா வாங்க :-)